காலி இருக்கையை நம்பிப் பெண் கொடுத்தவன்

எங்கள் அப்பாவுக்குத் தம்பிகள் நான்கு பேர். அதில் மூன்றாவது சித்தப்பாவின் கடைசிப் பிள்ளையைச் சொந்தத்தில் எல்லாரும் இறக்கை என்றுதான் கூப்பிடுவோம். பெற்றவர்கள் வைத்த பேர் வேறு. விமான நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த வாரமே இந்தப் பேர் ஒட்டிக்கொண்டது, பிறகு உதிரவே இல்லை. எனக்குத் தம்பி முறை.

வேலை என்றால் விமானம் ஓட்டுகிற வேலை இல்லை. விமானம் வந்து நின்றதும் அதன் வயிற்றுக்கடியில் ஒரு வண்டியைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். தடித்த குழாயை மேலே மாட்டி, கக்கூஸ் தொட்டியில் இருப்பதை எல்லாம் வண்டிக்குள் இறக்கி, தொட்டியைக் கழுவி, நீல நிற மருந்துத் தண்ணீர் ஏற்றி அனுப்ப வேண்டும். அதற்கு அங்கே நீல வண்டி என்று பேர். அந்த வண்டியில்தான் அவன் ஆயுசு போயிற்று.

ஆனால் ஒன்று சொல்கிறேன், எங்கள் சொந்தத்திலேயே சுத்தமான கை அவன் கைதான். வேலை முடிந்ததும் முழங்கை வரைக்கும் சிவப்பு சோப்புப் போட்டுத் தேய்ப்பான். நகத்துக்கு என்று தனியாக ஒரு சின்ன பிரஷ் வைத்திருந்தான். தேய்த்துவிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பான், திருப்தி இல்லையென்றால் மறுபடியும் தேய்ப்பான். அப்படிப்பட்டவன் வீட்டுக்கு வந்த என் பெரிய நாத்தனார், கொடுத்த தண்ணீரைக் கையில் வாங்கி, உதட்டில் படாமல் அப்படியே கீழே வைத்துவிட்டுப் போனாள். அதே நாத்தனார், அடுத்த மாதமே, தன் மகனுக்கு அவன் மூலமாக ஓசி டிக்கெட் கிடைக்குமா என்று என்னிடம் தூது விட்டாள். வாய் கூசவில்லை.

டிக்கெட் கிடைக்காது. அந்தச் சலுகை வேலை செய்கிறவனுக்கும் அவன் பெண்டாட்டிக்கும் கல்யாணமாகாத பிள்ளைகளுக்கும் மட்டும்தான். அதிலும் ஒரு நிபந்தனை உண்டு. காசு கொடுத்தவர்கள் எல்லாரும் ஏறி உட்கார்ந்த பிறகு இடம் மிச்சமிருந்தால்தான் இவர்கள் ஏறலாம். ஏறி உட்கார்ந்த பிறகும், காசு கொடுத்தவன் ஒருவன் ஓடி வந்தால் எழுந்து இடம் விட வேண்டும். இஸ்திரி போட்ட சட்டை, தோல் ஷூ போட்டுக்கொண்டு, அதிர்ந்து பேசாமல், வாசலோரம் நிற்க வேண்டும். கல்யாண வீட்டில் அழைக்காத விருந்தாளி நிற்பதுபோல.

இறக்கை அந்த நிபந்தனையைப் பொருட்டாகவே எண்ணியதில்லை. ஏனென்றால் அவன் கம்பெனி சின்னக் கம்பெனி. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற துறைமுக நகரத்துக்கு அவர்கள் விட்ட விமானத்தில் எப்போதும் பாதி இருக்கை காலியாகத்தான் கிடக்கும். இரண்டு இருக்கையில் காலை நீட்டிக்கொண்டு பறந்த காலமெல்லாம் உண்டு.

அந்தத் தைரியத்தில்தான் அவன் தன் ஒரே மகளைத் துறைமுக நகரத்தில் கட்டிக் கொடுத்தான். அவன் மனைவிக்கு மனசே இல்லை. என்னைக் கூப்பிட்டு வைத்துத்தான் சண்டை போட்டாள். நானும் கேட்டேன். நடுவில் கடல் கிடக்கிறதே, கப்பலில் போனால் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் ஆகுமே, ஒரு அவசரம் என்றால் என்ன செய்வாய் என்று கேட்டேன்.

"கடலா அக்கா? மேல போனா ஒரு காபி குடிச்சு முடிக்கறதுக்குள்ள தாண்டிடலாம். என் பொண்ணு பக்கத்துத் தெருவுல இருக்கான்னு நெனச்சுக்கோங்க."

மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கியவனைக் கேள்விப்பட்டிருக்கிறோம். காலி இருக்கையை நம்பிக் கடல் தாண்டிப் பெண் கொடுத்தவன் இவன் ஒருவன்தான்.

சம்பந்திக்குக் குளியலறைச் சாமான் வியாபாரம். கண்ணாடிக் கடை, உள்ளே வெள்ளை வெளேரென்று கக்கூஸ் பீங்கான்களை வரிசையாக உட்கார்த்தி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு விளக்கு எரியவிட்டிருப்பார். கடைக்கு மேல்தான் வீடு. மாப்பிள்ளை அந்தக் கடையிலேயே இருந்தார், அப்பா சொன்னால் தலையாட்டுவார். பெண் பார்க்க வந்தபோது தரகர், பெண்ணின் அப்பா விமானக் கம்பெனியில் இத்தனை வருஷமாக இருக்கிறார் என்று சொன்னார். என்ன வேலை என்று அவர்களும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இவன் சொல்லியிருப்பான், மறைக்கிற ஜாதி இல்லை அவன்.

கொஞ்ச காலம் அவன் சொன்னபடிதான் நடந்தது. லீவு நாள் வந்தால் காலை விமானத்தில் போவான், மகளைப் பார்ப்பான், சாயந்தர விமானத்தில் திரும்பிவிடுவான். அம்மா செய்த சாப்பாடு சூடு ஆறாமல் மகள் கைக்குப் போயிற்று.

பிறகுதான் அந்தக் கூட்டணி வந்தது.

பெரிய கம்பெனி ஒன்று இவர்களோடு கை கோத்தது. துறைமுக நகரத்தில் அவர்களுடைய ராட்சச விமானங்கள் உலகத்தின் நாலா பக்கத்திலிருந்தும் வந்து இறங்கும். முன்பெல்லாம் அதில் வந்தவர்கள் அங்கிருந்து சிதறிப் போவார்கள். யார் கூப்பிடுகிறார்களோ அந்த விமானத்தில் ஏறுவார்கள். இப்போது ஒரே டிக்கெட், பெட்டிகூட நடுவில் இறக்க வேண்டாம், அப்படியே கொண்டுவந்து இவர்கள் விமானத்தில் கொட்டிவிடுவார்கள். இங்கிருந்து போகிறவர்களையும் இவர்கள் அள்ளிக்கொண்டு போய் அவர்களிடம் கொட்ட வேண்டும். சேர்ந்த அன்றைக்குப் பெரிய கேக் வெட்டினார்களாம். இரண்டு கம்பெனிச் சின்னமும் போட்ட பேட்ஜ் ஒன்றை எல்லார் சட்டையிலும் குத்தினார்கள். நீல வண்டிக்காரனுக்கும் ஒன்று. இனிமேல் நாம் எல்லாரும் ஒரே குடும்பம் என்று மேனேஜர் பேசினாராம். குடும்பம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அந்த வார்த்தையை முதலில் எடுக்கிறவன் எதையோ கேட்கப் போகிறான் என்று அர்த்தம்.

இறக்கைக்குக் கூட்டணி தெரிந்தது தொட்டியில்தான். அதுவரை பாதியளவு இறங்குவது, அந்த மாதம் முதல் விளிம்பு வரைக்கும் வந்தது. இரண்டு நடையில் முடிகிற வேலைக்கு நான்கு நடை. ராத்திரியெல்லாம் வேறு விமானத்தில் உட்கார்ந்து, கண்டதைத் தின்று வயிறு கெட்டுப் போய் வருகிற ஜனம். அதை அவன் சொன்ன விதத்தை நான் எழுதினால் நீங்கள் இன்றைக்குச் சாப்பிட மாட்டீர்கள்.

அவனுக்கு அதில் குமட்டல் இல்லை. குமட்டியது வேறு. இவர்கள் கம்பெனி நேராக விட்டுக்கொண்டிருந்த இன்னும் இரண்டு ஊர்களை, அந்தப் பக்கம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று பெரிய கம்பெனி எடுத்துக்கொண்டது. அங்கே போக வேண்டியவர்களும் இப்போது துறைமுக நகரம் சுற்றித்தான் போனார்கள். கடல் பக்கம் கூட்டம் பிதுங்கியது, அந்த இரண்டு ஊர்ப் பக்கம் ஆளே இல்லாமல் போயிற்று. அந்த வழியில் வேலை பார்த்தவர்களை, பேட்ஜைக் கழற்றி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். கேக் வெட்டிய அதே மேனேஜர்தான் வாங்கினார். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதைதான், இங்கே ஊர்ப் பிடாரியே வாசல் வரை வந்து வழியனுப்பியது.

இந்தக் கூட்டணியால் கொழுத்தவர்களில் நம் சம்பந்தியும் ஒருவர். பீங்கான் வாங்க விற்க அடிக்கடி பறக்கிற ஆள். பறக்கப் பறக்கப் புள்ளி சேர்ந்து, அவருக்குத் தங்க நிறத்தில் ஒரு அட்டை கொடுத்தார்கள். அந்த அட்டை இருந்தால் தனி வரிசை, தனி அறை, நினைத்த விமானத்துக்கு மாறிக்கொள்ளலாம்.

அப்படிப் பறந்த ஒரு நாள், ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே எட்டிப் பார்த்திருக்கிறார். கீழே, விமானச் சிறகுக்குப் பின்னால், தன் சம்பந்தி தடிக் குழாயைத் தோளில் தாங்கி விமானத்தின் வயிற்றில் மாட்டிக்கொண்டிருக்கிறார். இவனும் நிமிர்ந்து பார்த்தான். பார்த்தவுடன் சந்தோஷத்தில் கையை ஆட்டினான். உறை போட்ட கை. மேலே சம்பந்தி ஜன்னல் மூடியைக் கீழே இறக்கிவிட்டார்.

அன்றைக்கு இவன் வீட்டுக்கு வந்து, வெயில் கண்ணைக் குத்தியிருக்கும் என்று மனைவியிடம் சொன்னான்.

அடுத்த முறை மகள் வீட்டுக்குப் போனபோதுதான் தெரிந்தது. இவன் சோபாவில் உட்கார்ந்து எழுந்ததும், சம்பந்தியம்மா வாசனைத் தண்ணீர் டப்பாவைக் கொண்டுவந்து உட்கார்ந்த இடத்தில் அடித்தாள். அவன் இன்னும் வாசல் தாண்டவில்லை. கக்கூஸ் விற்று மாடி கட்டியவர்களுக்குக் கக்கூஸ் கழுவுகிறவனைப் பார்த்தால் மூக்கு நாறுகிறது. கதையில்கூட இப்படிக் கேட்டதில்லை நான்.

பிறகு மகள் பாடு திண்டாட்டம். அவள் துண்டு தனி, தம்ளர் தனி, துவைக்கிற மெஷினில் அவள் துணி சேரக்கூடாது. வந்தவர் போனவர் முன்னால், அவங்க வீட்ல சுத்தம் கொஞ்சம் கம்மி என்று மாமியார் சிரித்துக்கொண்டே சொல்வாளாம். மாப்பிள்ளை குழாய்த் திருகுகளை எண்ணிக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் அவள் வயிற்றில் பிள்ளை வேறு. பிள்ளை பிறந்தால் முதல் மாதம் தாயிடம் பால் குடிக்க மட்டும் விடுவோம், மற்றபடி நாங்கள் தூக்கிக்கொள்கிறோம் என்று மாமியார் சொன்ன அன்றைக்கு, மகள் போன் செய்தாள்.

"அப்பா, என்னை வந்து கூட்டிட்டுப் போங்க. குழந்தை அங்கதான் பொறக்கணும். இங்க வேண்டாம்."

அதிகம் பேசவில்லை. அவளும் அப்பா மாதிரி.

வயிற்றுப்பிள்ளைக்காரியை விமானத்தில் ஏற்றுவதற்கு ஒரு கெடு உண்டு. அந்தக் கெடு முடிகிற வாரம் அது. தனியாக அனுப்ப முடியாது, பெற்றவர் நேரில் வந்து கூட்டிக்கொண்டு போகட்டும் என்று சம்பந்தி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சரி என்று இறக்கை, மகளுக்குக் கெடுவின் கடைசி நாள் காலை விமானத்தில் காசு கொடுத்து ஒரு டிக்கெட் எடுத்தான். அவள் கல்யாணமானவள், ஓசி டிக்கெட் கிடையாது. முதல் நாள் இவன் போய்ச் சேர வேண்டும், மறுநாள் காலை அழைத்து வர வேண்டும். போகவும் வரவும் தனக்கு மட்டும் டிக்கெட் எடுக்கவில்லை.

"உங்களுக்கும் சேர்த்து எடுங்க. இந்த ஒரு தடவையாவது" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். ஆயுசு முழுக்க இந்தக் கம்பெனி விமானத்தில் காசு கொடுக்காமல் பறந்தவன், இன்றைக்குப் போய்க் கவுன்டரில் நிற்பதா என்று அவனுக்கு ரோஷம். ஒரு இருக்கை. ஒரே ஒரு இருக்கை கிடைக்காதா என்றான். இது அந்த வேலைக்காரர்களுக்கு மட்டுமே வருகிற நோய். தண்ணீர் தொட்டிக்குப் பக்கத்தில் குடியிருக்கிறவன் வீட்டில் குடம் இருக்காது.

இஸ்திரி போட்ட சட்டை, தோல் ஷூ. மகள் முதுகுக்கு வைக்க ஒரு தலையணையைப் பையில் போட்டுக்கொண்டு காலையிலேயே போய் கேட் ஓரம் நின்றான். கேட்டில் நின்ற பெண், பயிற்சிக்கு வந்த நாளிலிருந்து இவனைத் தெரிந்தவள், அண்ணா அண்ணா என்பாள். அன்றைக்கு நிமிர்ந்தே பார்க்கவில்லை. டிக்கெட்காரர்கள் ஏறினார்கள். தங்க அட்டைக்காரர்கள் ஏறினார்கள். பெரிய கம்பெனியிலிருந்து வந்த குட்டி அதிகாரிகள் ஏறினார்கள். கூட்டாளி அல்லவா, அவர்களுக்கும் இவனுக்கு முன்னால் இடம். கடைசியில் ஒரு இருக்கை மிஞ்சியது. கடைசி வரிசை, கக்கூஸை ஒட்டினது. அந்தப் பெண் ஓடி வந்து சீட்டைக் கையில் கொடுத்தாள்.

போய் உட்கார்ந்து பெல்ட்டும் மாட்டிவிட்டான். தலையணை மடியில். கொஞ்ச நேரத்தில் அதே பெண் வந்து பக்கத்தில் நின்றாள். எதற்கு வந்திருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியாதா? பெல்ட்டைக் கழற்றினான். யார் என்று மட்டும் கேட்டான். சாயந்தர விமானத்துக்கு எடுத்தவர் ஒருவர் அட்டையைக் காட்டி இதற்கு மாறிக்கொண்டார் என்றாள். அட்டைக்காரர் கக்கூஸ் பக்கம் உட்கார மாட்டார் அல்லவா, முன்வரிசையில் யாரோ வாயில்லாத ஒருவரைப் பின்னால் அனுப்பிவிட்டு அவருக்கு அங்கே இடம் செய்திருக்கிறார்கள்.

நடைவழியில் இவன் முன்னால் வர, எதிரே அட்டைக்காரர் வருகிறார். சம்பந்தி.

"அடடே, சம்பந்தி. இறங்கறீங்களா?"

"நீங்க சாயந்தர பிளேன் இல்லையா?"

"இங்க வந்த வேலை சீக்கிரம் முடிஞ்சுடுச்சு. சாயந்தரம்னா வீட்டுக்குப் போய்ச் சாப்பிட நேரமாயிடும், எனக்கு வயித்துக்கு ஒத்துக்காது."

இறக்கை தன் வாழ்நாளில் யாரிடமும் எதையும் கேட்டவன் இல்லை. அன்றைக்குக் கேட்டான், அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க.

"நாளைக்குக் காலைல பொண்ணைக் கூட்டிட்டு வரணும். அப்புறம் அவளை ஏத்த மாட்டாங்க. நீங்க மட்டும் சாயந்தரம் வந்தீங்கன்னா..."

"ரூல்னு ஒண்ணு இருக்கே, சம்பந்தி. உங்களுக்குத் தெரியாததா? நான்தான் முன்னால போறேனே, நீங்க வர்றதா வீட்ல சொல்லிடறேன்."

சொல்லிவிட்டு, சட்டை உரசிவிடக் கூடாது என்று கைப்பெட்டியை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு ஒருக்களித்துத் தாண்டிப் போனார். உட்கார்ந்ததும் ஈரக் காகிதம் ஒன்றைப் பிரித்துக் கையைத் துடைத்துக்கொண்டாராம். கை பட்டதுகூட இல்லை. இதை எனக்கு இறக்கை சொல்லவில்லை, கேட்டில் நின்ற அந்தப் பெண் பின்னால் ஒரு நாள் சொன்னாள். சொல்லும்போது அவளுக்கே முகம் கோணிற்று.

அவர் விட்ட சாயந்தர இருக்கை உங்களுக்குத்தான் அண்ணா என்று அவள் சத்தியம் செய்தாள். பகல் முழுக்க ஷூவைக்கூடத் தளர்த்தாமல் உட்கார்ந்திருந்தான். சாயந்தரம் பெரிய கம்பெனி மேலாளர் ஒருவர் குடும்பத்தோடு வந்தார், விடுமுறைக்கு. அந்த இருக்கையும் போயிற்று. நாமெல்லாம் ஒரே குடும்பம்தானே, அதில் எந்தக் குடும்பம் ஏறும் என்பதுதான் கேள்வி.

இறக்கை சட்டையில் குத்தியிருந்த பேட்ஜைக் கழற்றி அந்தப் பெண்ணின் மேஜை மேல் வைத்தான். நேரே துறைமுகத்துக்குப் போய், காசு கொடுத்து, கப்பலில் ஏறினான்.

சரக்கும் ஆளும் சேர்ந்து போகிற கப்பல் அது. டீசல் நாற்றம், கூடவே அலை. ஏறினவர்கள் எல்லாம் வாந்தி. ஆகாயத்தில் பழகின இவன் உடம்பும் தாங்கவில்லை, இஸ்திரி போட்ட சட்டை பாழாயிற்று. விடிந்து பார்த்தால் கால் வைக்க இடமில்லை, கப்பல்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு மேலே போய்விட்டார்கள். இவன்தான் வாளியில் தண்ணீர் மொண்டு கழுவிவிட்டான். கழுவியதும் உடம்பு தெளிந்துவிட்டது என்றான்.

போய்ச் சேர்வதற்குள் மகளின் விமானம் அவள் இல்லாமலே பறந்துவிட்டது. கண்ணாடிக் கடைக்குள் நுழைந்தான். விளக்கு எரிகிற பீங்கான்களுக்கு நடுவில் அந்த அழுக்குச் சட்டையோடு நின்றான். சம்பந்தியம்மா மாடிப்படியிலேயே நின்று முந்தானையால் மூக்கை மூடினாள், டிக்கெட்டை வீணாக்கிட்டாரே என்றாள். சம்பந்தி கல்லாவை விட்டு எழுந்திருக்கவில்லை. கெடு முடிந்துவிட்டது, இனி எப்படி அழைத்துப் போவீர்கள், பேசாமல் இங்கேயே இருக்கட்டும் என்றார். மகள் அவர்களை எல்லாம் விலக்கிக்கொண்டு, ஒரு பையோடு படியிறங்கி வந்தாள்.

"அப்பா, போலாம்."

அவ்வளவுதான். மாப்பிள்ளை பையைத் தூக்கக் கை நீட்டினார், அவள் கொடுக்கவில்லை.

திரும்பும் கப்பலில் தலையணை அவள் முதுகுக்கு உதவியது. வழியெல்லாம் வாந்தி எடுத்தாள். வாந்திப் பை கிழிந்துபோனதும் இறக்கை இரண்டு கையையும் சேர்த்துக் குழித்து அவள் வாய்க்கு நேரே பிடித்தான். அவள் கூச்சப்பட்டுத் திரும்பினாளாம்.

"எடும்மா. இந்தக் கை பார்க்காததா."

அவள் அதை என்னிடம் சொன்னபோது அழுதாள். நான் அழவில்லை. எனக்கு அந்த ஈரக் காகிதம்தான் கண் முன்னால் நின்றது.

பெண் குழந்தை பிறந்தது, குறை ஒன்றுமில்லை. மாப்பிள்ளை இந்தப் பக்கம் வந்து ஒரு வேலை தேடிக்கொண்டால் சேர்ந்து வாழலாம் என்று மகள் சொல்லிவிட்டாள். அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். இறக்கை அதற்கப்புறம் ஓசி டிக்கெட்டைத் தொடவில்லை. வேலைக்குப் போனான், விளிம்பு வரை வந்ததை இறக்கினான், பேட்ஜ் எங்கே என்று கேட்டால் தொட்டியில் விழுந்துவிட்டது, எடுத்துத் தரட்டுமா என்றான். அப்புறம் யாரும் கேட்கவில்லை.

குழந்தைக்குத் தலை நிற்கிற சமயத்தில் சம்பந்தி வந்தார். விமானத்தில்தான், வாசனை மணக்க. கூடத்தில் நாங்கள் சொந்தக்காரர்கள் எல்லாரும் இருந்தோம், தண்ணீர் குடிக்காத என் நாத்தனார் உட்பட. இறக்கை எழுந்து நாற்காலி போட்டான், காபி கொடுக்கச் சொன்னான், மரியாதையில் ஒரு குறை வைக்கவில்லை. சம்பந்தி காபியைக் குடித்துவிட்டு, எங்கே என் பேத்தி என்று இரண்டு கையையும் நீட்டினார்.

"கையைக் கழுவிட்டுத் தூக்குங்க, சம்பந்தி."

வேடிக்கைக்குச் சொல்கிறான் என்று அவர் சிரித்தார். கூடத்தில் வேறு யாரும் சிரிக்கவில்லை. விமானத்தில் வந்த கை, எத்தனை பேர் பிடித்த கைப்பிடியோ என்று இறக்கை நிதானமாகச் சொன்னான், சிவப்பு சோப்பையும் பிரஷையும் எடுத்து நீட்டினான், முழங்கை வரைக்கும் தேய்க்க வேண்டும் என்றான். மகள் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றாள், ஒரு அடி முன்னால் வைக்கவில்லை. சம்பந்தி எங்கள் முகங்களைச் சுற்றிப் பார்த்தார். பிறகு குழாயடிக்குப் போனார்.

கழுவிக்கொண்டு வந்தவரின் கையை இறக்கை வாங்கினான். வெளிச்சத்தில் பிடித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தான்.

"நகத்துக்கடியில இருக்கு, சம்பந்தி. இன்னொரு தடவை."